கார்டுக்கு வரி கிடையாது

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

பதினேழு முறை போன் செய்துவிட்டேன். நீ எடுக்கவில்லை. மாமாவைக் கூப்பிட்டால், "லாரி ஓட்டிக்கிட்டிருக்கேன் மச்சான், அப்புறம் பேசு" என்று வைத்துவிடுகிறார். காலையில் கூப்பிட்டாலும் லாரி ஓடுகிறது, மத்தியானம் கூப்பிட்டாலும் ஓடுகிறது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். அலுவலகத்தில் நான் எழுதுவதெல்லாம் நோட்டீஸ்தான். வீட்டுக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. எங்காவது நோட்டீஸ் வாடை அடித்தால் பொறுத்துக்கொள்.

அன்று நீ கூப்பிட்டபோது எங்கள் துறை ஆட்கள் உன் கடையில் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். "சொந்தக்காரங்க விஷயத்துல நான் தலையிடக் கூடாதுக்கா, ரூல் அப்படி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ரூல் அப்படித்தான். ஆனாலும் ஒரு நிமிஷம் பேசியிருக்கலாம். "பயப்படாதே" என்றாவது சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிஷத்துக்காக நீ என்னோடு பேசாமல் இருப்பது நியாயம்தான். ஆனால் நாட்கள் போய்க்கொண்டிருக்கின்றன. பதில் கொடுக்கக் கெடு இருக்கும்.

என்ன கேட்டார்கள், நீ என்ன சொன்னாய், எதை எடுத்துப் போனார்கள், எல்லாவற்றையும் எழுது. நான் வேறு ஊரில், வேறு பிரிவில் இருக்கிறேன். ஆனாலும் வழி சொல்ல முடியும்.

தம்பி


பிப்ரவரி 17

வரித்துறை அதிகாரி அவர்களுக்கு,

தம்பி என்றுதான் எழுத வந்தது. கை நின்றுவிட்டது.

கேட்டாய் அல்லவா, சொல்கிறேன். போன மாதம் இருபத்தேழாம் தேதி, காலை பதினொன்றே கால். கடையில் நானும், ஜெராக்ஸ் எடுக்க வந்த நர்ஸும்தான் இருந்தோம். கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒரு பெண்தான் பெரிய அதிகாரி. "கேம் கார்டுக்கு வரி போட்டு விக்கிறீங்களாமே?" என்றாள். "ஆமாங்க, வரி போடாம எப்படி விக்கிறது?" என்றேன். அதையும் பெருமையாகச் சொன்னேன் பார், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவள் பக்கத்து ஆளைத் திரும்பிப் பார்த்தாள்.

புகார் கொடுத்தது யார் தெரியுமா? முனைக்கடை மெக்கானிக். மனுஷன் நாளெல்லாம் நிஜக் காருக்கு அடியில் படுத்துக் கிடப்பார். சாயங்காலம் வீட்டுக்குப் போய் டிவியில் பொய்க் கார் ஓட்டுவார். அவர் ஆசை அவருக்கு. அந்த கேமை வாங்க மாதா மாதம் என்னிடம்தான் ஐநூறு ரூபாய் கார்டு வாங்குவார். என் கடையில் வரியோடு ஐநூற்றைம்பது. டிசம்பரில் உன் மாமாவுக்குக் காய்ச்சல் என்று நான் நான்கு நாள் கடை திறக்கவில்லை. அப்போது பெட்ரோல் பங்கில் வாங்கியிருக்கிறார். அங்கே ஐநூறு. "கார்டுக்கு வரியே கிடையாதேண்ணே" என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டு பில்லையும் கொண்டுவந்து என் கண்ணாடி மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சத்தம் போடவில்லை. "அஞ்சு வருஷமா, மாசத்துக்கு அம்பது. எங்கக்கா போச்சு?" என்றார். "கவர்ன்மென்ட்டுக்குப் போச்சுண்ணே" என்றேன். சிரித்தார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

வாங்கின வரியை ஒரு பைசா குறையாமல் மாதா மாதம் கட்டியிருக்கிறேன். வந்தவர்களே பார்த்துவிட்டு அதை ஒப்புக்கொண்டார்கள். ஆனால் இல்லாத வரியை வாங்குவதே குற்றமாம். முப்பதாயிரம் அபராதம், கார்டு விற்கும் உரிமமும் ரத்து என்று பேச்சு. என் கடையில் பாதி வியாபாரம் அந்தக் கார்டுதான். அது போனால் ஜெராக்ஸையும் சார்ஜர் ஒயரையும் வைத்து வாடகைகூடக் கொடுக்க முடியாது. கடையை மூட வேண்டியதுதான்.

பேனா வாங்கினாலும் பில் போட்டுக் கொடுக்கிறேன் என்று இந்தத் தெருவில் எனக்கு வரியக்கா என்று பெயர். ஆசையாகத்தான் கூப்பிடுவார்கள். இப்போதும் அதே பெயர்தான், ஆனால் நான் அந்தப் பக்கம் போன பிறகு சொல்கிறார்கள். கார்டு வாங்க வந்த பிள்ளைகளின் காசைத் தின்றவள் என்று எந்த வீட்டில் பேசவில்லை சொல்.

எனக்கு இன்னும் ஒன்று புரியவில்லை. கார்டில் ஐநூறு இருக்கும். கேம் விலையும் ஐநூறு. வீட்டுக்குப் போய் வாங்கப் போனால் அங்கே ஐநூற்றைம்பது கேட்குமாம். "அம்பது குறையுதுக்கா" என்று எத்தனை பேர் என்னிடம் திரும்பி வந்திருக்கிறார்கள்! நான்தான் வரி வாங்கிவிட்டேனே, பிறகு ஏன் குறைகிறது என்று அந்தக் கம்பெனிக்கே போன் போட்டேன். நாற்பது நிமிஷம் பாட்டுப் போட்டுக் காதைச் சூடாக்கினார்கள். உன்னிடமும் கேட்டேன், இரண்டு வருஷத்துக்கு முன்னால். நீ என்ன சொன்னாய் என்று நினைத்துப் பார்.

அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

விதிப் புத்தகத்தைப் பார்த்துவிட்டேன். எளிமையாகவே சொல்கிறேன். கார்டு என்பது பொருள் இல்லை. அதுவும் பணம்தான், அட்டையில் அடைத்த பணம். ஐநூறைக் கொடுத்து ஐநூறு கார்டு வாங்குவது நோட்டை மாற்றிக்கொள்வதுதான். நோட்டு மாற்றினால் வரி உண்டா? அந்தப் பணத்தில் கேம் வாங்கும்போதுதான் விற்பனை நடக்கிறது, அப்போதுதான் வரி. அதை கேம் கம்பெனி பிடித்துக் கட்டுகிறது. ஆக, அவர்கள் ஐம்பது கேட்டது சரி. உன் கடையில் முன்கூட்டி வாங்கிய ஐம்பதுதான் அதிகப்படி. வாங்கியவர்கள் ஒரே கேமுக்கு இரண்டு தடவை வரி கட்டியிருக்கிறார்கள்.

நீ கணக்கைச் சரியாகக் கட்டியிருப்பதால் மோசடி என்று சொல்ல முடியாது. கவனக்குறைவு என்றுதான் வரும். பதிலை மரியாதையாக, சுருக்கமாக எழுது. பில் மெஷினில் அந்த வரியைப் போட்டது யார் என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். மெஷின் விற்ற கம்பெனி ஆளே போட்டிருக்கலாம். கடை திறந்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது, யாருக்கு நினைவிருக்கும்? நினைவில்லை என்று எழுதிவிடு. அதுதான் உனக்குப் பாதுகாப்பு.

குழந்தைக்கு எட்டு மாதம் முடிகிறது. தவழ்கிறான்.

தம்பி


மார்ச் 2

டேய்,

யாருக்கு நினைவிருக்குமா? எனக்கு இருக்கிறதடா! நன்றாக இருக்கிறது!

கடை திறந்த அன்று உனக்கு வேலை கிடைத்து மூன்றாவது மாதம். கழுத்தில் ஆபீஸ் அட்டையோடே வந்தாய். கழற்றி வைடா என்றால், "இருக்கட்டும்க்கா, நாலு பேர் பாக்கட்டும்" என்றாய். மெஷின் விற்ற ஆள் கார்டுக்குத் தனியாக ஏதோ கேட்க வந்தான். "நான் டிப்பார்ட்மென்ட்டுங்க, எனக்குத் தெரியும், தள்ளுங்க" என்று அவனை நகர்த்திவிட்டு, கவிழ்த்துப் போட்ட பெட்டி மேல் உட்கார்ந்து நீதான் அமுக்கினாய். ஒவ்வொரு பொருளாகப் போட வேண்டியதை, "எதுக்கு வீண் வேலை" என்று, 'எல்லாப் பொருளுக்கும்' என்ற பட்டனை ஒரே அமுக்காக அமுக்கினாய். "இனிமே வரி விஷயத்துல உன்னை ஒருத்தன் ஒரு கேள்வி கேக்க முடியாதுக்கா" என்றாய். அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. என் தம்பி, என் தம்பி என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன்.

பிறகு ஐம்பது குறைகிறது என்று கேட்டபோது, "நீ கடையைப் பாரு, வரியை நான் பாத்துக்கறேன்" என்றாய். நான் கடையைத்தான் பார்த்தேன். நீ எதைப் பார்த்தாய்?

இப்போது நான் சொல்வதையும் கேட்டுக்கொள். அந்தப் பெண் அதிகாரி என்னிடம் கேட்டுவிட்டாள், அன்றைக்கே கேட்டுவிட்டாள். "மெஷின்ல இதை யாரு செட் பண்ணினது?" நான்தான் செய்தேன், விவரம் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னேன். சொன்னதை எழுதி, கீழே என் பெயரைப் போட்டுக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அந்தத் தாளில் கையெழுத்து வைத்த கையோடுதான் உனக்குப் போன் செய்தேன். நீ ரூல் சொன்னாய்.

ஆகையால் நினைவில்லை என்று எழுதச் சொல்லி நீ எனக்குச் சொல்லித் தர வேண்டாம். எனக்கு அந்த வேலை தெரியாது.

அக்கா


மார்ச் 9

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். நீ சொல்வது போல நடந்திருக்கலாம். அன்று நான் மெஷினைத் தொட்டேன் என்பது வரை நினைவிருக்கிறது. எந்தப் பட்டன் என்றெல்லாம் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எப்படியோ நடந்துவிட்டது. இப்போது அதைக் கிளறுவதால் உனக்கும் லாபமில்லை, எனக்கும் லாபமில்லை. எங்கள் துறையில் இருப்பவர்கள் சொந்தக்காரர்களின் கடைக்கு வரி வேலை செய்யக் கூடாது. செய்தால் முன்பே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் நான்காவதாக இருக்கிறது.

அபராதத்தை நான் கட்டிவிடுகிறேன். முதலில் பதினைந்தாயிரம் அனுப்பியிருக்கிறேன். மீதியை அடுத்த மாதம் அனுப்புகிறேன். மாமாவிடம் சொல்ல வேண்டாம்.

தம்பி


மார்ச் 14

பதினைந்தாயிரம் வந்தது. திருப்பி அனுப்பிவிட்டேன். ரசீது இத்துடன்.

அபராதம் கட்ட எனக்குத் தெரியும், வளையல் இருக்கிறது. நர்ஸ் நேற்று ஜெராக்ஸுக்கு இரண்டு தெரு தாண்டிப் போனாள். எதிரே பார்த்தபோது, "உங்க கடையில கூட்டமா இருக்கும்னு நினைச்சேன்க்கா" என்றாள். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அதற்கு எவ்வளவு அனுப்புவாய்?


மார்ச் 29

அக்கா,

ரசீதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு இரண்டு வாரம் திரிந்தேன். இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தாயிற்று. இப்போது கிழிக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

எனக்கு எல்லாம் நினைவிருந்தது. நீ எழுதிச் சொன்ன பிறகு வந்த நினைவு இல்லை. ஜனவரியில் புகார் வந்த கடைகளின் பட்டியல் எல்லாக் கிளைகளுக்கும் சுற்றுக்கு வந்தது. அதில் உன் கடை இருந்தது, பக்கத்திலேயே 'கேம் கார்டுக்கு வரி வசூல்' என்று காரணமும் போட்டிருந்தது. பார்த்த அந்த நொடியே அந்தப் பெட்டியும் நான் அமுக்கிய பட்டனும் கண் முன்னால் வந்தன. இரண்டு நாள் கழித்து உன் போன் வந்தபோது உன் பெயரைப் பார்த்ததும் எடுக்காமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். ரூல் என்று நான் சொன்னதெல்லாம் பேச்சுக்கு. பயம்க்கா, வெறும் பயம். "நீதானேடா போட்டே" என்று நீ ஸ்பீக்கரில் கேட்டுவிடுவாயோ, பக்கத்தில் நிற்பவர்கள் காதில் விழுந்துவிடுமோ என்று பயந்துதான் வைத்தேன். நீ அந்த நேரத்தில் என்னைக் காப்பாற்றிவிட்டு வந்து நின்றிருக்கிறாய். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் யோக்கியனாக இருந்திருப்பேனா என்றும் தெரியவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ ஐம்பது குறைவதைப் பற்றிக் கேட்டபோது நான் கேன்டீனில் இருந்தேன். என்னைச் சுற்றி ஆட்கள். நான் அப்போதும் சிமென்ட் ஆலைகளின் வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கார்டு பற்றிய சுற்றறிக்கையை வாழ்க்கையில் பிரித்ததே இல்லை. "தெரியலைக்கா, பாத்துச் சொல்றேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்த ஒரு வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. உனக்கு முன்னால் எனக்குத் தெரியாதது ஒன்று இருக்கக் கூடாது என்று ஒரு திமிர். மாடியேறி மேஜையில் அந்தப் புத்தகத்தைப் பிரித்திருந்தால் அன்றோடு முடிந்திருக்கும்.

போன வியாழக்கிழமை எல்லாவற்றையும் எழுதி மேலதிகாரியிடம் நீட்டினேன். நல்ல மனுஷன். முதல் பாராவைப் படித்துவிட்டு மூடித் திருப்பித் தந்தார். "வீட்டுக்குப் போய்த் தூங்கி எந்திரிச்சு, அப்பவும் குடுக்கணும்னு தோணுச்சுன்னா குடு" என்றார். போனேன், தூங்கினேன். மறுநாள் காலையில் அவர் வருவதற்கு முன்பே வாசலில் நின்று கொடுத்துவிட்டேன். அவர் பெருமூச்சு விட்டுவிட்டு முத்திரை போட்டுக்கொண்டார்.

என் வீட்டுக்காரி இரண்டு நாள் பேசவில்லை. பதவி உயர்வை நம்பிப் பெரிய வீடு பார்த்து வைத்திருந்தாள். மூன்றாம் நாள் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டே, "அவங்க கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி நீங்க போட்டிருக்கணும்" என்றாள்.

மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். கேட்டால் சின்னதாக இருக்கும் போலிருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு.

தம்பி


ஏப்ரல் 4

முட்டாளே,

யாரைக் கேட்டுக் கொடுத்தாய்? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? கைக்குழந்தைக்காரன் செய்கிற காரியமா இது? கடிதத்தைப் படித்துவிட்டு கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்து அழுதேன். கோபத்தில் அழுதேனா சந்தோஷத்தில் அழுதேனா என்று என்னைக் கேட்காதே.

உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். லாரி எங்கே ஓடுகிறது என்கிறாய்? பிப்ரவரி முழுக்க எஞ்சினைப் பிரித்துப் போட்டுப் பட்டறையில் கிடந்தது. நான் உன்மேல் கோபமாக இருக்கிறேன் என்று எனக்குப் பயந்து உன்னிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார். எழுபது மூட்டை ஏற்றுகிற ஆளுக்கு வீட்டில் இருக்கிற தைரியம் அவ்வளவுதான். கடிதத்தைக் கேட்டுவிட்டு, "மச்சானுக்கு இப்பத்தான் மீசை முளைச்சிருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே எரிச்சலும் வந்தது.

இன்று எனக்கும் ஓலை வந்துவிட்டது. பதினெட்டாம் தேதி காலை பதினொரு மணிக்கு இங்கே வரி அலுவலகத்தில், இரண்டாவது மாடியில் விசாரணை. நான் கொடுத்த வாக்குமூலமும் நீ எழுதிக் கொடுத்ததும் ஒத்துப்போகவில்லையாம், இருவரும் நேரில் வர வேண்டுமாம். பொய் வாக்குமூலம் கொடுத்தால் அதற்குத் தனி அபராதம் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. ஆக, இப்போது நானும் குற்றவாளி, நீயும் குற்றவாளி. நம் வீட்டில் இதுவரை ஒருவரும் போலீஸ் ஸ்டேஷன் படிகூட ஏறினதில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். உன்னைக் காப்பாற்றத்தான் நான் கையெழுத்துப் போட்டேன் என்று நீயும் நினைக்கிறாய், உன் மாமாவும் நினைக்கிறார். பாதிதான் சரி. அந்தப் பெண் அதிகாரி பேனாவை நீட்டியபோது தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். என் வாயால் நான் சொல்லக் கூடாது, அவனே சொல்லட்டும் என்று தோன்றியது. நிச்சயம் சொல்வாய் என்று நம்பித்தான் போட்டேன். அதனால்தான் நீ போனை வைத்தபோது எனக்கு அவ்வளவு ஆத்திரம். அபராதத்தை எண்ணி நான் ஒரு நாள்கூடத் தூக்கம் கெடவில்லை. நீ சொல்ல மாட்டாயோ என்றுதான் தூக்கம் கெட்டேன்.

எழுதிக் கொடுப்பது வேறு, நாலு பேர் முன்னால் நின்று வாயால் சொல்வது வேறு. இன்னும் நேரம் இருக்கிறது. பின்வாங்குவதாக இருந்தால் பின்வாங்கு, நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். என் வாக்குமூலம் அப்படியே இருக்கிறது. கடை போனால் போகட்டும், வேறு ஏதாவது பார்த்துக்கொள்வேன்.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

வருகிறேன். கடையைப் போகட்டும் என்று இன்னொரு தடவை எழுதாதே.

முதல் நாளே வந்து வீட்டில் தங்குவது சரியாக இருக்காது. இருவரும் பேசி வைத்துக்கொண்டு வந்தோம் என்று சொல்லிவிடுவார்கள். நேராக அலுவலகத்துக்கே வந்துவிடுகிறேன்.

தம்பி


மே 6

தம்பிக்கு,

தீர்ப்பு வரட்டும், பிறகு எழுதலாம் என்று இருந்தேன். நேற்றுத்தான் வந்தது. ஆனால் முதலில் அன்று நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். நீ நின்றுகொண்டிருந்தாய், உன் முகம் உனக்குத் தெரிந்திருக்காது. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன்.

சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தாய். இளைத்துப் போயிருந்தாய். விசாரணை நடத்திய அந்தப் பெரியவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "நடந்தது என்ன, சொல்லுங்க" என்றதும் நீ ஆரம்பித்தாய்: "அந்தக் காலகட்டத்தில் விதிகள் போதிய தெளிவுடன் இல்லாத நிலையில்..." போச்சு, நோட்டீஸ் பாஷைக்குப் போய்விட்டான், இனி நழுவிவிடுவான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பெரியவர் நிமிர்ந்து, "தெளிவா இல்லையா? கார்டுக்கு வரி கிடையாதுன்னு சுற்றறிக்கை வந்து ஏழு வருஷம் ஆச்சே" என்றார்.

நீ தண்ணீர் குடித்தாய். டம்ளரை வைக்க இடம் தேடினாய். அப்புறம் சொன்னாய். "தெளிவாத்தான் இருந்துச்சு சார். நான்தான் படிக்கலை. படிச்சவன் மாதிரி அக்காகிட்ட நடிச்சேன். மெஷின்ல போட்டது நான். சந்தேகம் வந்து அவங்க கேட்டப்ப வாயை அடைச்சதும் நான். அவங்க கையெழுத்துப் போட்டது எனக்காக."

டைப் அடித்துக்கொண்டிருந்த பெண் கையை நிறுத்திவிட்டாள். "இதை அப்படியே பதிவு பண்ணிடவா? வேலைக்கு இடைஞ்சல் வரும், யோசிச்சுக்குங்க" என்று பெரியவர் கேட்டார். நீ யோசிக்கவில்லை. "பண்ணுங்க சார்" என்றாய். அந்தக் கட்டைக் குரல் எனக்குத் தெரியாதடா. அது எங்கே இருந்து வந்தது?

அடுத்து என்னைக் கேட்டார், உங்கள் வாக்குமூலம் பொய்யா என்று. "பொய்தாங்க" என்றேன். என்ன ஒரு நிம்மதி!

தீர்ப்பைச் சொல்கிறேன். முப்பதாயிரம் கிடையாது. கார்டு விற்கும் உரிமம் அப்படியே இருக்கும், எச்சரிக்கையோடு. பொய் சொன்னதற்கு எனக்கு இரண்டாயிரம் அபராதம். அதை இன்று காலை போய்க் கட்டிவிட்டேன். கட்டும்போது கவுண்டரில் இருந்தவன், "எதுக்கும்மா அபராதம்?" என்றான். "பொய் சொன்னதுக்குப்பா" என்றேன். அவன் ரசீதை இன்னொரு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தான். அதிகமாகக் கட்டிய வரியைத் துறையே திருப்பிக் கொடுக்குமாம், பில் வைத்திருப்பவர்களுக்கு. கடை வாசலில் அறிவிப்பு ஒட்டியிருக்கிறேன். யார் தவறு என்று அதில் எழுதவில்லை, அது இந்தத் தெருவுக்கு வேண்டாதது.

ஆனால் மெக்கானிக்குக்குத் தெரிந்திருக்கிறது. புகார் கொடுத்தவர் என்று அவருக்கும் தீர்ப்பின் நகல் போயிருக்கிறது. பழைய பில்களைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தார். ஐந்து வருஷத்தில் பதினொரு பில்தான் மிஞ்சியிருக்கிறது, அதிலும் பாதியில் கிரீஸ். விண்ணப்பத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். போகாமல் நின்றார். "நீங்க தின்னுட்டீங்கன்னு நாலு பேர்கிட்ட சொல்லிட்டேன்க்கா" என்றார். "நாலா? நாப்பது இருக்கும்ணே" என்றேன். "சரி, நாப்பது பேர்கிட்டயும் நானே போய் மாத்திச் சொல்றேன்" என்றார். சொல்லியும் இருக்கிறார். இன்று நர்ஸ் ஜெராக்ஸுக்கு வந்தாள், ஒன்றுமே நடக்காதது போல. நானும் ஒன்றுமே நடக்காதது போலத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

உன் பதவி உயர்வை இரண்டு வருஷத்துக்கு நிறுத்திவிட்டார்கள் என்று தீர்ப்பின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அதை மட்டும் உன் மாமாவுக்கு நான் படித்துக் காட்டவில்லை, தாளைக் கையில் கொடுத்துவிட்டேன். உன் வீட்டுக்காரியிடம் சொல், அவளுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன் என்று.

எனக்குக் கோபம் போய்விட்டதா என்று நினைப்பாய். முழுக்கப் போகவில்லை. போனை வைத்தாய் பார், அது இன்னும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும், கோபம் இருந்தால் தம்பி இல்லை என்று ஆகிவிடுமா?

அன்று நீ கையெழுத்துப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமலே படியிறங்கிப் போனாய். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றேன். எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்தில் நீ நின்றாய். இரண்டு பஸ் வந்தது, இரண்டிலும் நீ ஏறவில்லை. எனக்காகத்தான் நிற்கிறாய் என்று தெரிந்தது. இறங்கி வர இரண்டு மாடிதான். காலை எடுத்து வைக்க வரவில்லையடா, என்ன வீம்போ. கூப்பிடக்கூட வாயெடுத்தேன், மூடிக்கொண்டேன். மூன்றாவது பஸ்ஸில் ஏறிவிட்டாய்.

அன்று வாயில் வராததை இன்று எழுதுகிறேன்.

டேய், நில்லுடா. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போ.

அக்கா